சித்தப்பாவின் கூலிங் கிளாஸ்

குவாண்டம் இயற்பியல் படித்தபோது எந்த இடத்தில் புரியாமல் முழித்தீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் முழித்தது அளவீட்டில், அதாவது ஒரு துகளின் நிலையை அளந்து பார்க்கும் இடத்தில்.

ஊர் கோத்தகிரி. தினமும் பஸ் பிடித்து ஊட்டிக்குப் போய் எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்தேன். குவாண்டத்தின் அடிப்படையான ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை மனப்பாடமாகத் தீர்த்தே பாஸ். அப்புறம் விருப்பப் பாடமாகக் குவாண்டம் கணினியியல் வந்தது. முதல் வாரமே ஹாடமார்ட் கேட். குவாண்டம் கணினியின் பிட்டான கியூபிட்டை 0, 1 இரண்டும் கலந்த நிலைக்குக் கொண்டுபோகும் செயல் அது. 0 நிலையில் உள்ள கியூபிட்டுக்கு அதை ஒருமுறை போட்டு அளந்தால் 0, 1 இரண்டுக்கும் சம வாய்ப்பு. அளக்காமல் இரண்டு முறை போட்டால் எப்போதும் 0. நடுவில் ஒருமுறை அளந்துவிட்டால் மறுபடி பாதிக்குப் பாதி. கணக்கு வந்தது, நம்பிக்கை வரவில்லை. நடுவில் அளந்ததற்கே விடை மாறுமா?

சித்தப்பா டாக்ஸி ஓட்டுகிறார். சீசன் நேரம். "கூலிங் கிளாஸ் போட்டா மேப் கறுப்பா தெரியுது, போன் போச்சா பாரும்மா" என்று நீட்டினார். போனில் கோளாறில்லை. அது போலராய்டு கண்ணாடி, ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும். எல்சிடி திரையின் ஒளியும் ஒரே தளத்தில் அதிர்வது. இரண்டு தளமும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்தால் இருட்டுதான். போனைக் குறுக்கே திருப்பி மாட்டியதும் அவர் பிரச்சினை தீர்ந்தது.

எனக்குத் தீரவில்லை. அவருடைய காது உடைந்த பழைய போலராய்டு கண்ணாடியை வாங்கி, இருட்டாக நிறுத்திய போனுக்கும் கூலிங் கிளாஸுக்கும் நடுவே 45 டிகிரி சாய்த்து நுழைத்தேன். இன்னொரு தடுப்பு வைத்தால் இருட்டு கூடத்தானே வேண்டும்? மேப் தெரிந்தது! சாய்ந்த கண்ணாடி பாதியை விட்டது, கடைசிக் கண்ணாடி அதில் பாதியை விட்டது, ஆகக் கால்பங்கு. கண்ணாடியின் கறுப்புச் சாயம் விழுங்கியது தனி. ஒளியை அலையாகப் பார்க்கும் கொள்கையிலும் இதே கால்பங்குதான் வரும், வகுப்பில் அதைச் சொல்லி மடக்கினார்கள். ஆனால் ஒற்றை ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், பாதியாக உடையாது. கண்ணாடியை முழுதாகத் தாண்டும், இல்லையென்றால் தாண்டவே தாண்டாது. அந்த நடுக் கண்ணாடிதான் என்னுடைய நடு அளவீடு.

பிறகு ஐபிஎம் 2016இல் இணையத்தில் திறந்துவிட்ட உண்மையான குவாண்டம் கணினி வசதியில் ஓட்டிப் பார்த்தேன். இரண்டு ஹாடமார்டையும் அடுத்தடுத்துப் போட்டால், ஒன்றையொன்று ரத்தாக்குவதால் மென்பொருளே இரண்டையும் நீக்கிவிடும். நடுவில் பேரியர் என்ற தடுப்புக் கட்டளை போட வேண்டும், இது யாரும் சொல்லித் தராதது. வரிசையில் காத்திருக்கும்போதே மழைக்கு கரண்ட் போய்விட்டது. மறுநாள் பஸ்ஸில் முடிவைப் பார்த்தேன். எல்லாம் 0 வரும் என்று இருந்தால், ஓரமாகக் கொஞ்சம் 1. என் புரோகிராமில் தப்பு என்று ஒரு வாரம் தேடினேன். இரைச்சலாம், அந்தக் கணினியிலேயே வரும் சிறு பிழை.