கெம்பு அட்டிகைக்கு ரிஃப்ராக்டோமீட்டரில் 1.81 மட்டுமே வருகிறது, என்ன செய்யலாம்?

கானாடுகாத்தான் ஆச்சி:
எங்கள் ஆயாவின் அட்டிகை ஒன்று என்னிடம் இருக்கிறது. ரங்கூனிலிருந்து வந்த பர்மா கெம்பு என்று வீட்டில் சொல்வார்கள். நகைக்கல் படிப்பில் சேர்ந்ததால், கல்லின் ஒளிவிலகல் எண்ணை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கினேன். பதக்கத்தின் நடுக்கல்லை வைத்தால் 1.81-ல் மங்கலாக ஒரு கோடு, அவ்வளவுதான். மாணிக்கத்துக்கு 1.762, 1.770 என இரண்டு கோடு வரவேண்டுமே? பயிற்சிக்கான பட்டை தீட்டிய மாணிக்கத்தில் இரண்டும் சரியாக வருகின்றன, கருவியில் பழுதில்லை. கல்லைக் கழற்ற அம்மா விடமாட்டார்கள்.

தேவகோட்டை கல்கட்டி:
ஆச்சி, அந்த 1.81 கல்லுடையதே இல்லை. கல்லுக்கும் கருவிக்கும் நடுவே நீங்கள் வைக்கும் சொட்டுத் திரவத்தின் கோடு அது. கெம்பு மேலே உருண்டையாக இருக்கும். கருவியின் கண்ணாடியில் படியத் தட்டையான முகம் கிடையாது. புள்ளி முறையில் பாருங்கள். ஊசிமுனையளவு திரவம் போதும். பார்வை லென்ஸைக் கழற்றிவிட்டு, கண்ணை ஓர் அடி தள்ளி வைத்துக்கொண்டு, தலையை மெல்ல மேலும் கீழும் அசையுங்கள். அளவுகோலில் சின்னப் புள்ளி ஒன்று தெரியும். அது பாதி இருட்டு, பாதி வெளிச்சமாகப் பிரியும் இடம்தான் அளவு. இரண்டு தசமத்துக்கு மேல் அதில் எதிர்பார்க்காதீர்கள்.
முடிந்ததும் உடனே துடைத்துவிடுங்கள். அடைப்புக் கட்டில் கல்லுக்கு அடியில் அரக்கும் தகடும் இருக்கும். திரவம் உள்ளே இறங்கினால் தகடு மங்கி, கல்லின் சிவப்பே செத்துப்போகும். இதே காரணத்தால் நகையை எதிலும் ஊறவைக்கவும் கூடாது.

கானாடுகாத்தான் ஆச்சி:
வந்துவிட்டது! 1.76. அப்போ மாணிக்கம்தானே?

லென்ஸ்:
அவசரப்படாதீர்கள். மாணிக்கம் போலவே சிவப்பாக இருந்தாலும் 1.72 பக்கம் நிற்கும் ஸ்பைனல் என்ற கல் விலகிவிட்டது, சரி. ஆனால் கார்னெட் என்ற இன்னொரு சிவப்புக் கல்லும் 1.76 காட்டும். கல்லின் இரு நிறங்களை அருகருகே காட்டும் டைக்ரோஸ்கோப் இரண்டையும் பிரித்துவிடும், ஆனால் அதற்குக் கல்லை ஊடுருவி வெளிச்சம் வரவேண்டும். உங்கள் கட்டில் பின்பக்கம் அடைப்பு. அதனால் இருட்டறையில் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சை அடியுங்கள். பர்மா மாணிக்கம் சிவப்பாக ஒளிரும், கார்னெட் கம்மென்று கிடக்கும்.

கானாடுகாத்தான் ஆச்சி:
எல்லாம் நெருப்புத் துண்டு போல ஒளிர்கின்றன, ஓரத்தில் ஒரு கல்லைத் தவிர.

லென்ஸ்:
புள்ளி முறையில் 1.76 காட்டி, ஒளிரவும் செய்தவை மாணிக்கம்தான்; சிவப்பு ஸ்பைனலும் ஒளிரும் என்பதால் மற்றக் கற்களையும் அளந்துவிடுங்கள். ஆனால் பூமியில் விளைந்ததா, உலையில் விளைந்ததா என்பது இன்னும் தெரியாது. செயற்கை மாணிக்கமும் அதே 1.76, இன்னும் பிரமாதமாகவே ஒளிரும். செயற்கை மாணிக்கம் செய்யும் தன் முறையை வெர்னூய் அறிவித்தது 1902-ல். ஆகவே ஆயா காலத்து நகை என்பது சாட்சியாகாது. பத்து மடங்கு லென்ஸில், பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். வளைந்த கோடுகளும் வாயுக் குமிழ்களும் இருந்தால் உலைக்கல். ஒன்றையொன்று 60 பாகையில் வெட்டும் மெல்லிய ஊசிகளோ, நேரான நிறப்பட்டைகளோ இருந்தால் இயற்கைக் கல்.

தேவகோட்டை கல்கட்டி:
ஒளிராத கல் பிற்பாடு மாற்றிக் கட்டியதாக இருக்கலாம். இரும்பு மிகுந்த மாணிக்கமும் ஒளிராது, அதையும் மறக்க வேண்டாம். அதை மட்டும் கழற்றி டைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். புள்ளி முறையில் 1.76-ம் வந்து, இரண்டு விதச் சிவப்பும் தெரிந்தால் மாணிக்கம். எப்படித் திருப்பினாலும் ஒரே சிவப்பென்றால் கார்னெட்டோ ஸ்பைனலோ கண்ணாடியோதான்.

கானாடுகாத்தான் ஆச்சி:
நடுக்கல்லில் ஊசிகள் தெரிகின்றன! ஓரக்கல்லுக்கு அம்மா சம்மதித்துவிட்டார்கள், ஆனால் ஆசாரி வீட்டுக்கே வந்து, அவர்கள் கண்ணெதிரில் கழற்ற வேண்டுமாம்.