புதுப்பிப்பு: அக்கா குடும்பத்தோடு ஆறு நாள் சுற்று

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன், ரொறன்ரோவில் இருந்து வரும் அக்காவின் பிள்ளைகளுக்கு ஆறு நாளில் சிகிரியா, கண்டி, பொலன்னறுவை, யாழ்ப்பாணம் நான்கையும் காட்ட முடியுமா என்று. முடியாது என்றவர்கள்தான் சரி. கண்டியை வெட்டிவிட்டோம். முதலில் பேசிய வான்காரர் கடைசி நேரத்தில் காசைக் கூட்டிக் கேட்டதால் வேறு ஆள் பிடித்தாயிற்று.

முதல் நாள் கொழும்பிலேயே. வெள்ளவத்தையில் இத்தனை வருடம் இருந்தும் தேசிய நூதனசாலையில் உள்ள காலி மும்மொழிக் கல்வெட்டை நான் போன சனிக்கிழமைதான் பார்த்தேன், வெட்கம்தான். 1409ஆம் ஆண்டுக் கல், சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்தது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனாருக்கும் (தெவிநுவரைக் கோயிலில் இருந்த விஷ்ணு), பாரசீகத்தில் இஸ்லாத்துக்கும் காணிக்கை. எழுத்து நன்றாகத் தேய்ந்திருக்கிறது, பக்கவாட்டில் குனிந்து பார்த்தால்தான் ஓரிரண்டு பிடிபடும்.

பொலன்னறுவையில் சோழர் கட்டிய வானவன் மாதேவீச்சரம் என்ற சிவன் கோயிலுக்கு அரை நாள் ஒதுக்கியிருக்கிறேன், அங்கே சுவரிலும் தமிழ்க் கல்வெட்டு உண்டு. அப்புறம் யாழ்ப்பாணத்தில் நல்லூர் முருகன் கோயில். உள்ளே ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும் என்றதும் மூத்தவன் முகம் போன போக்கு! வேட்டி வாங்கியாயிற்று, ஒட்டுகிற வகை.