தெர்மோஸ்டாட்டுக்குத் தமிழ்: நிறுத்தியா, மதகா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவுக்குப் பாடம் எடுக்கிறேன். எஞ்சின் குளிர்விப்பு பற்றிய செய்முறைக் குறிப்பு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. தெர்மோஸ்டாட் என்ற ஒரு சொல்லில் வந்து நிற்கிறேன். 'வெப்பநிலைநிறுத்தி' என்று எழுதி, வகுப்பில் வாசித்துக் காட்டினேன். இது என்ன வேலை செய்யும் என்று கேட்டால், "சூட்டை நிறுத்தும் சார்" என்கிறார்கள்.

நேர்மாறான புரிதல் இது. எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது, கூலன்ட் (எஞ்சினைச் சுற்றி ஓடும் குளிர்விப்பு நீர்) ரேடியேட்டருக்கு, அதாவது அது போய் ஆறும் இடத்துக்குப் போகும் வழியை அடைத்து வைத்து, எஞ்சினைச் சீக்கிரம் சூடேற விடுவதுதான் தெர்மோஸ்டாட்டின் முதல் வேலை. உள்ளே சின்னப் பித்தளைக் குப்பியில் மெழுகு. கூலன்ட் 82 டிகிரியைத் தொட்டதும் மெழுகு உருகி விரிந்து ஊசியைத் தள்ளும், வால்வு திறக்கும். 95 வாக்கில் முழுக்கத் திறந்திருக்கும். ஆறினால் ஸ்பிரிங் மூடிவிடும். 'நிறுத்தும்' என்று படித்த பையன் நாளைக்குப் பட்டறையில், வண்டி ஹீட் ஆகிறது என்றதும் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு அனுப்புவான். சூடு ஏறாத எஞ்சின் டீசலைக் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். வேறு சொல் இருந்தால் தாருங்கள்.

— திண்டுக்கல்

*

ஐயா, சொல்லில் பிழை இல்லை. நிறுத்துதலுக்கு 'ஓயச்செய்தல்' என்ற பொருள் மட்டுமா? தொல்காப்பியர் புணர்ச்சியில் 'நிறுத்த சொல்' என்கிறாரே, அது ஓய்ந்துபோன சொல்லா? நிலைபெற வைத்த சொல். கிரேக்கத்தில் தெர்மோஸ் வெப்பம், ஸ்டாட்டோஸ் நிற்பது. வெப்பநிலையை நிலைக்க வைப்பது நிறுத்தி. பொருத்தம் இதைவிட எங்கே கிடைக்கும்?

இன்னொன்றும் சொல்வேன். 'வெப்பம்' வேண்டாம், 'தெறு' இருக்கிறது. புறநானூறு 43இல் 'தெறுகதிர்க் கனலி' என்று வருகிறதே, சுடுகின்ற கதிரையுடைய ஞாயிறு. தெறுமம் என்று ஆக்கினால் தெர்ம் என்பதன் ஒலியும் வந்துவிடுகிறது. இரண்டும் ஒரே வேர் என்பதே என் துணிபு. தெறுமநிறுத்தி என்று போடுங்கள்.

— மதுரை, பணிநிறைவு பெற்ற தமிழாசிரியர்

*

ஐயா அவர்களின் புலமைக்கு வணக்கம். வேர் விஷயத்தில் மட்டும் உடன்பட முடியவில்லை. கிரேக்க தெர்மோஸும், வெப்பத்தைக் குறிக்கும் வடமொழி கர்மவும் (gharma, வினையைக் குறிக்கும் கர்மம் அல்ல) ஒரே மூலத்திலிருந்து வந்தவை. அந்த மூலத்தின் முதல் ஒலி ககர இனம். கிரேக்கத்தில்தான் அது தகரமாகத் திரிந்தது. அந்தத் தகரத்தை நம் தெறுவோடு முடிச்சுப் போட்டால் நிற்காது.

வேரை விடுங்கள். பதினெட்டு வயதுப் பையனுக்குத் தெறுமம் என்றால் என்ன தெரியும்? தெர்மோஸ்டாட் என்றாலாவது ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கொடுப்பார்கள். தமிழ் எழுத்தில் அப்படியே எழுதுங்கள், விளக்கத்தைத் தமிழில் நன்றாகச் செய்யுங்கள். என் கருத்து அவ்வளவுதான்.

— பெங்களூரு

*

வணக்கம். நான் வால்வு என்ற பக்கத்திலிருந்து வருகிறேன். வால்வுக்கு 'ஓரதர்' என்று சிலர் எழுதுகிறார்கள். அதர் என்றால் வழி. 'ஆக்கம் அதர்வினாய்ச் செல்லும்' என்ற குறள் (594) நினைவிருக்கும். ஆனால் ஓரதர் ஒருபக்கம் மட்டும் விடும் வால்வுக்குத்தான் சரி. இங்கே வேண்டியது அளவு பார்த்துத் திறந்து மூடுகிற ஒன்று. ஏரியில் அதற்கு மதகு என்று பெயர்.

எங்கள் பக்கத்துப் பழைய ஏரிகளில் குமிழித்தூம்பு பார்த்திருப்பீர்கள். தண்ணீருக்குள் இரண்டு கல்தூண், நடுவில் ஒரு தண்டு, தண்டின் அடியில் துளையை அடைக்கிற குமிழி. தண்டைத் தூக்கினால் துளை திறக்கும், இறக்கினால் அடையும். தெர்மோஸ்டாட்டின் உள்ளமைப்பைப் படத்தில் பார்த்ததும் எனக்கு அதுதான் தோன்றியது. தூக்குகிற ஆள் மட்டும் மெழுகு. 'வெப்ப மதகு' என்று வைக்கலாம். வெப்பத்தால் திறக்கும் மதகு, மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. இலக்கணமும் இடிக்கவில்லை.

— செங்கல்பட்டு

*

தூம்பு என்றதும் மடை நினைவுக்கு வருகிறது. மடையைக் காத்தவனே மடையன் என்று பலர் சொல்கிறார்கள். அப்படியன்று. பழைய நூல்களில் மடையன் சமையற்காரன். மடைப்பள்ளி என்கிறோம் அல்லவா? வசைச்சொல் மடம், மடமை என்பதிலிருந்து வந்தது. மூன்றையும் குழப்பக்கூடாது.

மதகுக்கு என் தடை இதுதான். இஸ்திரிப் பெட்டியிலும் குளிர்பதனப் பெட்டியிலும் தெர்மோஸ்டாட் உண்டு. அங்கே ஓடுவது மின்சாரம். அங்கே எதற்கு மதகு? ஒரு கருத்துக்கு ஒரு சொல் என்ற நெறியை விட்டால் கலைச்சொல் எதற்கு?

— மதுரை

*

எல்லாருக்கும் நன்றி. நேற்று செய்முறை வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன்.

அலுமினியச் சட்டியில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, சட்டியின் அடியில் படாமல் தொங்கவிட்டோம். பக்கத்தில் தெர்மாமீட்டர். விளிம்பில் 82 என்று பொறித்திருப்பதைப் பையன்கள் முதலில் படித்துக்கொண்டார்கள். 70, 75, ஒன்றும் இல்லை. 80 தாண்டியதும் எல்லாரும் சட்டிக்கு மேலே குனிந்துவிட்டார்கள். 83இல் தட்டின் ஓரத்தில் நகக்கண் அளவு இடைவெளி. பின்பெஞ்சுப் பையன் ஒருவன், வீட்டில் வெங்காயம் போடுகிறவர்கள், "சார், கீழே பாருங்க, மேலே திறக்கத் திறக்க அடியில இருக்கிற தட்டு இறங்குது. மடை மாத்துது சார்" என்றான்.

அவன் சொன்னது அச்சாகச் சரி. அந்த அடித்தட்டு பைபாஸை, அதாவது ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்கே திரும்பும் சுற்றுவழியை அடைப்பதற்கு. எஞ்சின் ஆறியிருந்தால் கூலன்ட் பைபாஸில் சுற்றும். சூடேறினால் பைபாஸை அடைத்து ரேடியேட்டருக்குத் திருப்பிவிடும். மண்வெட்டியால் ஒரு பாத்தியை அடைத்து அடுத்ததைத் திறக்கிற வேலைதான். இந்த வகையைக் கழற்றி எறிந்தால் பைபாஸ் திறந்தே கிடக்கும், கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாது. குளிரும் என்று கழற்றின வண்டி இன்னும் கொதிக்கும். இதை மூன்று வருடமாகச் சொல்லியும் ஏறாதது நேற்று ஏறியது.

மதுரை ஐயா சொல்லும் நெறி எனக்கும் முக்கியம். ஆனால் என் மாணவர்கள் கையில் எடுப்பது இஸ்திரிப் பெட்டியை அல்ல. தலைப்பில் 'வெப்ப மதகு', அடைப்புக்குறிக்குள் தெர்மோஸ்டாட் என்று போடுகிறேன். பைபாஸ் படத்துக்குக் கீழே 'மடை மாற்றும் தட்டு'. மறுப்பு இருந்தால் ஞாயிறு இரவுக்குள் எழுதுங்கள்.

— திண்டுக்கல்

*

வெப்ப மதகுக்கு என் ஆதரவு. அடைப்புக்குறியை மட்டும் அடுத்த பதிப்பிலும் எடுத்துவிடாதீர்கள், கடையில் அதைத்தான் கேட்க வேண்டும்.

— பெங்களூரு

*

வெப்பநிலைநிறுத்தியே பொதுச்சொல், மதகு அதில் ஒரு வகை என்று அடிக்குறிப்பாவது வேண்டும். இதை என் மறுப்பாகப் பதிந்துகொள்ளுங்கள். ரேடியேட்டருக்குக் 'கதிர்வீச்சி' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது சூட்டைப் பெரும்பாலும் காற்றோடு அனுப்புகிறதே தவிரக் கதிராக வீசுவது மிகக் கொஞ்சம் என்று பொறியியல் படிக்கும் என் பேரன் சொல்கிறான். அதற்கு ஒரு நல்ல சொல் தேடிக்கொண்டிருக்கிறேன், இன்னும் அகப்படவில்லை.

— மதுரை