லோட் ஷெட்டிங்: மின்தடையா, முறைவெட்டா, சுமை உதிர்ப்பா?

குழுவினருக்கு வணக்கம்.

கொரோனா பெருந்தொற்றுக் கால மருத்துவமனை மேலாண்மைச் சொற்பட்டியலில் லோட் ஷெட்டிங்குக்கு, அதாவது மின்சாரம் போதாதபோது சில பகுதிகளுக்கு மட்டும் நிறுத்துவதற்கு, நேரே ‘மின்தடை’ என்று போட்டிருக்கிறீர்கள். அது வேண்டாம். ஓம் விதி படிக்கும் பிள்ளைக்கு அந்தச் சொல்லுக்கு மின்னோட்டத்தை எதிர்க்கும் தன்மை என்று வேறு பொருள் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், மின்தடை என்றதும் கம்பி அறுந்தது, டிரான்ஸ்பார்மர் வெடித்தது என்றுதான் மனசு போகும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நாங்கள் பார்த்த லோட் ஷெட்டிங்கில் எங்கள் தெருவில் எதுவும் பழுதாகியிருக்காது. இன்ன நாள், இன்ன மணி என்று அட்டவணை போட்டுத்தான் நிறுத்துவார்கள்.

2007 கடைசியில் தொடங்கிய கதை இது. நாட்டின் அரசு மின்நிறுவனமான எஸ்காமின் உற்பத்தி தேவைக்குப் போதாதபோது முதல் நிலை என்றால் நாடு முழுக்க 1,000 மெகாவாட் குறைக்க வேண்டும், நான்காம் நிலை என்றால் 4,000, இப்படிப் படிப்படியாக ஏறும். அதை ஊர் ஊராகப் பங்கு போட்டு, இங்கே இரண்டு மணி நேரம், அது முடிந்ததும் அடுத்த பகுதி என்று சுற்றி விடுவார்கள். ஏரிப் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறோமே, அதே முறைதான். அதனால் ‘முறைவெட்டு’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து.

மருத்துவமனைக்கு இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்ததும் சுரங்கமும் ஆலையும் நின்று தேவை சரிந்தது, முறைவெட்டும் நின்றது. ஜூலையில் திரும்ப வந்தது. 2021 ஜனவரியில், இரண்டாம் அலையில் வார்டுகள் நிரம்பிக் கிடந்தபோதும் வந்தது. மூக்குக் குழாய் வழியாக நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை ஆக்சிஜன் தரும் இயந்திரத்துக்கு மின்சாரம் வேண்டும், அவற்றில் சிலவற்றுக்கு உள்ளே பேட்டரியே கிடையாது. வீட்டுக்கு அனுப்பிய நோயாளி, மின்சாரத்தில் ஓடும் ஆக்சிஜன் செறிவூட்டியை நம்பி இருப்பார். நேரம் முன்கூட்டியே தெரிந்தால் சிலிண்டரைத் தயாராக வைக்கலாம், டீசல் நிரப்பலாம், அவசரமில்லாத அறுவைச் சிகிச்சையைத் தள்ளி வைக்கலாம். திடீரென்று போகிற மின்தடைக்கு இதெல்லாம் நடக்காது. இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் திட்டம் எழுதுகிறவன் எதற்கு எழுதுகிறான்?

---

தம்பி, முறைவெட்டு நல்ல சொல், பட்டியலில் ஏறட்டும். ஆனால் லோட் ஷெட்டிங் முழுவதையும் அது தாங்காது. மின்கட்டமைப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 50 சுழற்சியில், நிற்க வேண்டும். பெரிய மின்நிலையம் ஒன்று திடீரென்று கழன்றால் அதிர்வெண் சட்டென்று இறங்கும், அப்போது ரிலே எனும் தானியங்கிச் சுவிட்சுகள் தாமாகவே சில மின் வழித்தடங்களை அறுத்துவிடும். யாரையும் கேட்காது. அதில் முறை எங்கே, அட்டவணை எங்கே? அதற்கும் பொறியாளர்கள் சொல்வது லோட் ஷெட்டிங்தான். எனவே தாய்ச்சொல் ‘சுமை உதிர்ப்பு’ என்று இருக்கட்டும். மரம் கோடையில் பிழைக்க இலையை உதிர்ப்பதைப் போல, முழுக் கட்டமைப்பும் சாயாமல் இருக்கக் கொஞ்சத்தை விடுவது. முறைவெட்டு அதில் ஒரு வகை.

பேச்சில் மின்வெட்டு என்பதை யாரும் மாற்றப் போவதில்லை, மாற்றவும் வேண்டாம்.

---

சரி அண்ணே, அப்படியே பிரித்துக்கொள்வோம். உங்கள் சொல் எனக்கு இன்னோர் இடத்திலும் உதவுகிறது. மருத்துவமனைக்குள்ளேயே சுமை உதிர்ப்பு நடக்கிறது. மின்சாரம் போனதும் யூபிஎஸ் சில நொடிகள் தாங்கும், அதற்குள் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும், ஆனால் ஜெனரேட்டர் எல்லாவற்றையும் இழுக்காது. சலவைக்கூடம், வெந்நீர், அலுவலகக் குளிர்சாதனம் எல்லாம் முதலில் கழற்றப்படும், தீவிர சிகிச்சையும் அறுவை அரங்கும் கடைசிவரை இருக்கும். இவற்றை ‘உதிர்க்கத்தக்க சுமை’, ‘உயிர்காப்புச் சுமை’ என்று பிரித்து எழுதினால் மின் பணியாளருக்கும் தாதிக்கும் ஒரே நேரத்தில் புரியும். பெருந்தொற்றில் சாதாரண வார்டே ஆக்சிஜன் வார்டாக மாறியபோது இந்தப் பிரிவும் மாறியாக வேண்டியிருந்தது, பலகையில் ஒட்டிய பழைய பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார முடியாது.

அப்புறம் ‘விலக்கு’. 2022இல் சில மருத்துவமனைகளுக்கு முறைவெட்டிலிருந்து விலக்கு தந்தார்கள். மருத்துவமனைக்கென்று தனி மின் வழித்தடம் இருந்தால்தான் அது எளிது, இல்லாவிட்டால் அக்கம்பக்கத்து வீடு, கடை எல்லாவற்றுக்கும் சேர்த்து விலக்கு தர வேண்டும், அந்தச் சுமையை வேறு யாராவது சுமக்க வேண்டும். ஆகவே ‘முறைவிலக்கு’, ‘தனித்தடம்’ இரண்டையும் சேர்த்துப் போடுங்கள்.

மிச்சம் இருப்பது எஸ்காம் சொல்கிற லோட் ரிடக்ஷன். நாட்டில் மின்சாரம் இருக்கும், ஆனால் அந்தப் பகுதி டிரான்ஸ்பார்மர் தாங்காது என்று நெரிசல் நேரத்தில் அங்கே மட்டும் நிறுத்துவார்கள். பளுக்குறைப்பு என்று ஓர் அக்கா எழுதியிருந்தார், எனக்கென்னவோ உடம்பு இளைக்க வைக்கும் மருந்து விளம்பரம் மாதிரி கேட்கிறது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.