லண்டன் பழைய வீடுகளில் சுவர் ஓதமும் கரும்பூசணமும்: புதிதாக வந்தவர்களுக்கு

கேள்வி

ஈஸ்ட் ஹாமில் வாடகைக்கு வந்திருக்கிறோம். நூறு வருடத்துக்கு மேல் பழைய வரிசை வீடு. படுக்கையறையில் வெளிச்சுவர் மூலையிலும் அலமாரிக்குப் பின்னாலும் கறுப்பாகப் பூசணம் பிடித்திருக்கிறது. பிளீச் போட்டுத் துடைத்தால் போகிறது, சில வாரத்தில் மறுபடி வந்துவிடுகிறது. கைக்குழந்தை இருக்கிறது. வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்கிறார். டீஹியூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை இழுக்கும் இயந்திரம்) வாங்கினால் போதுமா அண்ணா? இல்லை, ஆள் வைத்துத்தான் செய்ய வேண்டுமா? கீழே சுவரில் ஊசி போட வேண்டும், அதாவது துளையிட்டு ஓதம் தடுக்கும் மருந்து ஏற்ற வேண்டும் என்றும் ஒருவர் சொல்கிறார்.

பதில் 1 (கட்டட ஓத ஆய்வு)

தங்கச்சி, முதல் வேலையாகக் குழந்தையின் தொட்டிலை அந்த அறையிலிருந்து மாற்றுங்கள். கைக்குழந்தை, ஆஸ்துமா உள்ளவர், வயதானவர், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் யாரும் பூசணம் பிடித்த அறையில் படுக்கக் கூடாது. மற்றதைப் பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

1919க்கு முன் கட்டிய லண்டன் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு 9 அங்குலத் திடச் செங்கல் சுவர்தான். நடுவில் காற்று இடைவெளி கிடையாது, வெப்பக்காப்பும் கிடையாது. குளிர்காலத்தில் அந்தச் சுவரின் உட்பரப்பு அறைக் காற்றைவிடப் பல டிகிரி குளிர்ந்து கிடக்கும். அறை 20 டிகிரியில் இருந்து ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், 12 டிகிரிக்குக் குளிர்ந்த பரப்பில் தண்ணீர் துளிர்க்கும். ஆனால் பூசணத்துக்குத் துளி தேவையில்லை. சுவரை ஒட்டிய மெல்லிய காற்றடுக்கில் ஈரப்பதம் 80 சதவீதத்தில் சில நாள் நின்றாலே அது முளைத்துவிடும். அதே அறையில் சுவர் 15 டிகிரிக்கு வந்தாலே அந்த 80 எட்டிவிடுகிறது. ‘சுவரைத் தொட்டால் காய்ந்துதான் இருக்கிறது, பூசணம் மட்டும் வருகிறது’ என்று பலர் குழம்புவது இதனால்தான். அறை ஈரப்பதத்தை 50க்குக் கொண்டுவந்தால் சுவர் 12½ டிகிரி வரை குளிர்ந்தாலும் தாங்கும். இந்த இரண்டரை டிகிரி வித்தியாசத்தில்தான் பெரும்பாலான வீடுகள் தப்பிக்கின்றன.

மூலையும் அலமாரிப் பின்புறமும் முதலில் கறுப்பதற்கும் இதே காரணம்தான். மூலையில் வெளிப்பரப்பு அதிகம், அதனால் குளிரும் அதிகம். அலமாரி மறைத்த இடத்துக்கு அறையின் சூடு போய்ச் சேர்வதில்லை. வெளிச்சுவரிலிருந்து சாமான்களைக் குறைந்தது 5 செ.மீ., முடிந்தால் 10 செ.மீ. தள்ளி வையுங்கள். அலமாரிக்குக் கால் இருந்தால் நல்லது. அடியிலும் காற்று போகும்.

எதையும் வாங்குவதற்கு முன் எந்த வழியில் வரும் ஈரம் என்று பிரித்தறிய வேண்டும். அறைக் காற்றிலிருந்து படிவது மூலை, ஜன்னல் ஓரம், கூரைக் கோடு என்று குளிர்ந்த இடங்களில் கரும்புள்ளியாக வரும், குளிர்காலத்தில் கூடும். வெளியிலிருந்து ஊடுருவுவது ஒரே இடத்தில் திட்டாக இருக்கும், மழை பெய்த ஓரிரு நாளில் அடர்ந்து தெரியும். வெளியே போய் அதே இடத்துக்கு நேரே பாருங்கள். இறங்கு குழாய்க்குப் பின்னால் பச்சைப் பாசிக்கோடு, அடைத்த பீலி (கூரையோர மழைநீர்த் தாரை), செங்கல் இணைப்புகளில் உதிர்ந்த கலவை என்று ஏதாவது ஒன்று பெரும்பாலும் இருக்கும். தரையிலிருந்து ஏறும் ஓதம் தரைத்தளத்தில் மட்டும்தான் வரும், சுமார் 1 மீட்டர் உயரத்துக்குள் அலைபோன்ற கறையும் வெள்ளை உப்பும் காட்டும். அந்த உப்பு மண்டிய இடத்தில் கரும்பூசணம் பொதுவாகப் பிடிப்பதில்லை. உங்கள் வீட்டில் மாடிப் படுக்கையறை மூலை என்றால் ஏறும் ஓதத்தை இப்போதே பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

சந்தேகம் தீரவில்லையென்றால், ஓர் அடிச் சதுர அலுமினியத் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். அறைப்பக்கம் வியர்த்தால் காற்றின் ஈரம், சுவர்ப்பக்கம் வியர்த்தால் சுவருக்குள் இருக்கும் ஈரம். முரட்டுச் சோதனைதான், ஆனாலும் திசை காட்டும். கூடவே காற்றின் ஈரப்பதம் காட்டும் மலிவான டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் இரண்டு வாங்கி, படுக்கையறையில் ஒன்று, சமையலறைக்கு வெளியே ஒன்று வையுங்கள். ஒரு வாரம் காலையும் இரவும் எழுதி வைத்தால் பாதி விடை கையில் வந்துவிடும்.

துடைப்பதைப் பற்றி. மொத்தப் பரப்பு 1 சதுர மீட்டருக்குள் இருந்தால், கழிவுநீர் சம்பந்தம் இல்லையென்றால், நீங்களே செய்யலாம். நுண்தூசியைத் தடுக்கும் எஃப்எஃப்பி3 முகக்கவசம், நைட்ரைல் கையுறை, கண்ணாடி. ஜன்னலைத் திறந்து, அறைக் கதவைச் சாத்தி, கதவடி இடுக்கில் துண்டைச் சொருகுங்கள். காய்ந்த பூசணத்தைத் தூரிகையால் தேய்க்கவே கூடாது. தேய்த்தால் வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும். முதலில் தெளித்து நனைக்க வேண்டும். பென்சால்கோனியம் குளோரைடு உள்ள பூசண நீக்கி நல்லது. புட்டியில் எழுதிய நேரம் ஊறவிட்டு, தூக்கி எறியும் துணியால் ஒரே திசையில் துடைத்து, துணியை உடனே பையில் கட்டிவிடுங்கள். காய்ந்த பிறகு ஹெப்பா ஃபில்டர் (மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் வடிகட்டி) உள்ள வேக்யூமால் சுவரையும் தரையையும் உறிஞ்சுங்கள். செத்த பூசணமும் ஒவ்வாமை தரும், அதனால் கொல்வதோடு விடாமல் அள்ளி வெளியேற்ற வேண்டும்.

ஓடு, கண்ணாடி மாதிரி வழவழப்பான பரப்பில் பிளீச் வேலை செய்யும். சாந்துப் பூச்சில் கறையை வெளுக்கும், அதன் தண்ணீர் உள்ளே இறங்கும், வேர் தப்பிப் பிழைக்கும். நீங்கள் பார்ப்பது அதுதான். பிளீச்சோடு வினிகரோ அமோனியா உள்ள கிளீனரோ கலந்தால் நச்சுவாயு வரும், ஒருபோதும் கலக்காதீர்கள்.

பழைய வீட்டில் இன்னொரு ஆபத்து, அறையின் உட்கூரையில் சுழி சுழியாகப் போட்ட ஆர்டெக்ஸ் என்ற அலங்காரப் பூச்சு. பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸ் முழுத் தடை 1999இல்தான் வந்தது. அதற்கு முந்திய ஆர்டெக்ஸில் அது இருக்கலாம். சுரண்டாதீர்கள், சாண்ட்பேப்பர் வைக்காதீர்கள்.

பதில் 2 (காற்றோட்ட அமைப்பு வேலை)

மேலே அண்ணன் சொன்னதோடு ஈரம் பிறக்கும் இடத்தைச் சேர்த்துக்கொள்கிறேன். நம் சமையலில் சோறு, இட்லி, குழம்பு என்று கொதிப்பும் ஆவியும் அதிகம். காஸ் எரிந்தாலே ஆவி உண்டாகும். ஒரு மெஷின் துணியை அறைக்குள் காயவைத்தால் சுமார் 2 லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கிறது. எல்லாமாகச் சேர்த்து நான்கு பேர் உள்ள வீட்டில் நாளுக்கு 10 லிட்டரை எட்டலாம். சமைப்பதைக் குறைக்கச் சொல்லவில்லை, ஆவி வெளியே போக வழி வேண்டும் என்கிறேன்.

அடுப்புக்கு மேலே ஆவியை இழுக்கும் ஹூடைத் திறந்து பாருங்கள். கரி ஃபில்டர் போட்டு, காற்றை உள்ளேயே திருப்பி விடுகிற வகை என்றால் அது வாசனையை மட்டும் குறைக்கும், ஆவி அப்படியே வீட்டுக்குள் நிற்கும். வெளிச்சுவர் வழியாகக் குழாய் போக வேண்டும். இங்கிலாந்துக் கட்டட விதிகளில் காற்றோட்டம் பற்றிய எஃப் பகுதிப்படி அடுப்பை ஒட்டிய ஹூட் நொடிக்கு 30 லிட்டர், சமையலறையில் வேறிடத்தில் உள்ள ஃபேன் 60 லிட்டர், குளியலறை ஃபேன் 15 லிட்டர் இழுக்க வேண்டும். பெட்டியில் எழுதிய எண் வேறு, சுவருக்கு வெளியே வந்து சேர்வது வேறு. பரணில் நெளிநெளிக் குழாய் தொங்கி வளைந்தால் அந்த வளைவில் தண்ணீர் தேங்கி ஃபேனை அடைக்கும். உறுதியான குழாய், குட்டையான பாதை, வெளிப்பக்கம் சற்றுச் சரிவு, குளிர்ப் பரணில் குழாய்க்குக் காப்பு: இந்த நான்கும் சரியாக இருந்தால் மலிவான ஃபேனே போதும். குளியலறை ஃபேன் விளக்கு அணைந்த பிறகும் 15 நிமிடம் ஓடும்படி டைமர் உள்ளதாக இருக்கட்டும்.

கதவடியில் 10 மி.மீ. இடைவெளி வேண்டும். புதுக் கம்பளம் போட்டு அதை அடைத்துவிட்டால், ஃபேன் சுற்றும், காற்று நகராது.

ஜன்னலைத் திறப்பது பற்றிச் சென்னை, யாழ்ப்பாணப் பழக்கத்தை இங்கே மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கே மழைநாளில் ஜன்னல் திறந்தால் ஈரம் உள்ளே வரும். இங்கே ஜனவரியில் தூறலோடு 5 டிகிரி, 90 சதவீதம் என்று இருக்கும் வெளிக்காற்று, உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானதும் வெறும் 34 சதவீதம் ஆகிவிடும். ஆகவே மழையிலும் திறக்கலாம். நாள் முழுக்க ஒரு ஜன்னலைச் சற்றே திறந்து வைத்தால் சுவர்தான் குளிரும். காலை எழுந்ததும், சமைத்ததும், எதிரெதிர் ஜன்னல்களைப் பத்து நிமிடம் முழுதாகத் திறந்து மூடுங்கள். ஜன்னல் சட்டத்தின் மேல் உள்ள ட்ரிக்கிள் வென்ட் (சிறு காற்றுத் துவாரம்) எப்போதும் திறந்தே இருக்கட்டும்.

டீஹியூமிடிஃபையர் உதவும், ஆனால் தனியாகப் போதாது. கம்ப்ரசர் வகை 15 டிகிரிக்கு மேல் நன்றாக இழுக்கும், மின்சாரம் குறைவு. குளிர்ந்த அறைக்கு, ஈரம் உறிஞ்சும் பொருளை வைத்து இயங்கும் டெசிகண்ட் வகை. பெட்டியில் ‘நாளுக்கு 12 லிட்டர்’ என்பது சூடான, ஈரமான சோதனை அறையில் அளந்தது, 18 டிகிரிப் படுக்கையறையில் அதில் பாதிகூட வராது. 50 முதல் 55 சதவீதத்தில் வைத்து, துணி காயும் அறையில் கதவைச் சாத்தி ஓட்டினால்தான் பலன். ஹீட்டிங்கை இரண்டு மணிநேரம் கொதிக்கவிட்டு அணைப்பதைவிட 18 டிகிரியில் சீராக வைப்பது சுவருக்கு நல்லது. யாரும் படுக்காத அறை ரேடியேட்டரை முழுதாக மூடாதீர்கள். வீட்டின் ஆவியெல்லாம் அங்கேதான் போய்ப் படியும்.

மறுகேள்வி

தரைத்தளக் கூடத்திலும் கீழ்ச்சுவர் ஈரமாக இருக்கிறது. இலவசமாகப் பார்க்க வந்தவர் ஈரம் அளக்கும் மீட்டரை வைத்து, சிவப்பு காட்டுகிறது, சுற்றிலும் ஊசி மருந்து ஏற்ற வேண்டும் என்றார். ஆட்களை எப்படி நம்புவது?

பதில் 1 தொடர்ச்சி

அந்த மீட்டர் மரத்துக்காகச் செய்தது. மரத்தில் 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் உளுத்துப்போகும் அபாயம் உண்டு, அது உண்மை. சுவரில் உப்போ, ஒட்டிய சுவர்த்தாளில் உலோகப் படலமோ இருந்தாலும் சிவப்பு காட்டும். சுவரின் உண்மையான ஈரத்தை அறிய, துளைத்தெடுத்த தூளைக் கால்சியம் கார்பைடு கருவியில் சோதித்தோ, ஆய்வகத்தில் உலர்த்தி எடை போட்டோ பார்க்க வேண்டும். ஊசி விற்பவர் தரும் இலவச ஆய்வை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஆய்வுக்குக் காசு வாங்கிக்கொண்டு, சிகிச்சை விற்காத சார்ட்டர்டு சர்வேயரிடம் (தகுதிச் சான்று பெற்ற கட்டட ஆய்வாளர்) கேளுங்கள்.

அதற்கு முன் நீங்களே வெளியே பார்க்க வேண்டியது: தோட்ட மண்ணோ நடைபாதைச் சிமெண்டோ சுவரின் ஓதத் தடுப்பு அடுக்குக்குக் கீழே 150 மி.மீ. இருக்க வேண்டும். அதைத் தாண்டி உயர்ந்திருந்தால் மண்ணை வெட்டி இறக்குவதே மருந்து. சுவரடியில் உள்ள ஏர் பிரிக் (காற்றுப் போகத் துளையிட்ட செங்கல்) துளைகள் அடைபட்டால் மரத்தரைக்குக் கீழே ஈரம் தேங்கி உத்தரம் அழுகும். பயன்படுத்தாத புகைபோக்கியை மேலேயும் கீழேயும் முழுதாக அடைத்திருந்தால் அந்தச் சுவரும் வியர்க்கும். மேலே காற்றுவிடும் மூடியும் கீழே கிரில்லும் போட வேண்டும்.

பழைய செங்கல் சுவர் சுண்ணாம்புக் கலவையில் கட்டியது, ஈரத்தை வாங்கி இணைப்புகள் வழியே வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் மயிரிழை விரிசல் வழியே போன மழைநீர் உள்ளே சிறைப்பட்டு அறைப்பக்கம் வரும். இந்த வீடுகளில் நான் மிகவும் வருந்தும் வேலை இதுதான். சரிசெய்ய வந்தவர்களே கெடுத்து வைத்த சுவர்கள் இவை. இணைப்புகளைச் சுண்ணாம்புக் கலவையாலேயே பூச வேண்டும், உள்ளே பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டாம். காரணத்தைச் சரிசெய்த பிறகும் சுவர் 25 மி.மீ. தடிமனுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் என்ற கணக்கில்தான் காயும். 9 அங்குலச் சுவர் ஒன்பது மாதம் எடுக்கலாம். அதற்குள் பூசிப் பெயிண்ட் அடித்தால் மறுபடி உரியும்.

பூசணம் 1 சதுர மீட்டரைத் தாண்டினால் ஆட்களை அழையுங்கள். ஒழுங்கான வேலை என்றால், முதலில் ஈரத்தின் காரணத்தை எழுத்தில் தருவார்கள். பிறகு அறையைத் தடித்த பாலித்தீனால் அடைத்து, ஹெப்பா ஃபில்டர் இயந்திரத்தால் காற்றை வெளியே இழுத்து உள்ளே அழுத்தத்தைக் குறைப்பார்கள். பூசணம் உள்ளிறங்கிய ஜிப்சம் பலகை, கம்பளம், காப்புப் பஞ்சு எல்லாம் வெட்டி, அடைப்புக்குள்ளேயே பையிலிட்டு வெளியே போகும். மிஞ்சிய பரப்புகளை ஹெப்பா வேக்யூம், ஈரத்துடைப்பு, மறுபடி வேக்யூம் என்று செய்து, மர ஈரத்தை அளந்து காட்டிய பிறகே அடைப்பைப் பிரிப்பார்கள். அரைமணி புகைமருந்து அடித்துவிட்டு முடிந்தது என்பவரை அனுப்பிவிடுங்கள். சுவரிலுள்ள பொருள் அப்படியேதான் இருக்கும், ஈரமும் அப்படியே இருக்கும்.

பதில் 3 (வாடகைதாரர் உரிமை ஆலோசனை)

‘ஜன்னலைத் திற’ என்ற பதிலோடு நிற்காதீர்கள். கூரை, பீலி, வெளிச்சுவர், வடிகால் பழுது 1985ஆம் ஆண்டு வீட்டுக்காரர்-வாடகைதாரர் சட்டத்தின் 11ஆம் பிரிவில் வீட்டுக்காரர் பொறுப்பு. குடியிருக்கத் தகுந்த வீடாக வைத்திருக்க வேண்டும் என்பது 2018ஆம் ஆண்டுச் சட்டம், காற்றோட்டக் குறைவும் ஓதமும் அதில் அடங்கும். வாயால் சொல்லாமல் மின்னஞ்சலில் எழுதுங்கள். தேதியோடு படம், ஹைக்ரோமீட்டர் எண்கள், ஃபேன் இல்லை அல்லது இழுக்கவில்லை என்ற விவரம், குழந்தையின் வயது, மருத்துவர் ஏதாவது எழுதியிருந்தால் அதுவும். அசையவில்லையென்றால் உங்கள் கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றம்) சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவைக் கூப்பிட்டு ஆய்வு கேளுங்கள். வாடகையை நிறுத்தி வைக்காதீர்கள், அது உங்கள் பக்கத்தையே பலவீனமாக்கும்.

கவுன்சில் அல்லது ஹவுசிங் அசோசியேஷன் (லாப நோக்கமில்லா வீட்டு அமைப்பு) வீடு என்றால் உங்கள் கை இன்னும் வலுவானது. ராச்டேலில் 2020இல் பூசணத்தால் இறந்த இரண்டு வயது ஆவாப் இஷாக்கின் பெயரால் வந்த சட்டம், இங்கிலாந்தில் 27 அக்டோபர் 2025 முதல் நடைமுறையில் இருக்கிறது. அவசர ஆபத்துக்கு 24 மணிநேரம். கணிசமான ஓதம், பூசணத்துக்குப் புகார் வந்து 10 வேலைநாளுக்குள் ஆய்வு, ஆய்வு முடிந்து 5 வேலைநாளுக்குள் பாதுகாப்பு வேலை. தனியார் வாடகைக்கும் இதை விரிவாக்க 2025ஆம் ஆண்டு வாடகைதாரர் உரிமைச் சட்டம் வழி வைத்திருக்கிறது.

ஆய்வாளர் வரும் நாளைக்கு முன் பூசணத்தை ஆரோக்கியத்துக்காகத் துடைக்க வேண்டியிருந்தால், அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்த பிறகு துடையுங்கள். பூசணம் பிடித்த மெத்தையையும் தலையணையையும் எறியும் முன் படமும் ரசீதும் எடுத்து வையுங்கள், அவற்றைச் சுத்தம் செய்து மீட்க முடியாது, ஆனால் அந்தச் செலவைக் கேட்கலாம்.