‘31 தவணை’ என்று எழுதலாமா?

கொக்குவிலில் இருந்து:
வணக்கம். யூவிங் சார்க்கோமா வந்த பிள்ளைகளுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். அரிய எலும்புப் புற்றுநோய், கூடுதலாக 10 முதல் 20 வயதுக்குள் வருவது. கையேட்டில் உள்ள கதிர்ச் சிகிச்சைக் கணக்கு மொத்தம் 55.8 கிரே (கிரே என்பது உடல் ஏற்கும் கதிரை அளக்கும் அலகு). அதை ஒரேயடியாகக் கொடுக்காமல் நாளுக்கு 1.8 கிரே, கிழமைக்கு 5 நாள் என்று 31 நாளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள், இடையில் நல்ல கலங்கள் தேறிக்கொள்ளும். அந்த ஒருநாள் பங்குக்கு என்ன சொல்? ‘தவணை’ என்று போட்டு, 14 வயது மருமகளிடம் வாசிக்கக் கொடுத்தேன். 31ஐ மூன்றால் வகுத்துப் பார்த்துவிட்டு, “பத்து வருசத்துக்கு மேலயா மாமா?” என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் வருடத்துக்கு மூன்று தவணைதானே.

கோண்டாவிலில் இருந்து:
‘தரம்’ எங்கள் வாயில் வரும் சொல், ஆனால் அவளுக்குத் தரம் என்றால் வகுப்பு. ‘பின்னம்’ வேண்டவே வேண்டாம், எலும்பு நோய்க் கையேட்டில் அதைப் பார்க்கும் தாய் உடைவு என்றே எடுப்பார்.

திருநெல்வேலியில் இருந்து:
‘மாத்திரை’ இருக்கிறதே! தொல்காப்பியர் கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் வைத்து அளந்த அளவு அது. விழுங்குவதை நாங்கள் குளிசை என்கிறோம், ஆகவே யாழ்ப்பாணத்தில் மாத்திரை சும்மா கிடக்கிறது. 1921இல் யூவிங் இந்த நோயை வேறுபடுத்திக் காட்டியபோது, அது கதிருக்குச் சுருங்குவதையும் ஓர் அடையாளமாகக் கொண்டார். அளவுதான் இங்கே உயிர், சொல்லிலும் அளவு தெரிய வேண்டும்.

மானிப்பாயில் இருந்து:
ஐயா, தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி பார்க்கிற பிள்ளை 31 குளிசை என்றே விளங்கிக்கொள்ளும். அமெரிக்க மிஷனில் இருந்து வந்த கிறீன் வைத்தியர் இந்த ஊரில் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார், படிப்பவனுக்கு விளங்க வேண்டும் என்றுதானே! ‘வேளை’ போதும். சேர்த்துச் சொன்னால் ‘கதிர்வேளை’.

கோண்டாவிலில் இருந்து:
ஒரு எழுத்துப் பிழைத்தால் ‘கதிர்வேலை’ ஆகிவிடும், கவனம். மருந்துக்கு ஒரு நாளில் மூன்று வேளை சொல்லிப் பழகியவர்கள் நாங்கள், ‘நாளுக்கு ஒரு வேளை’ என்று முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

கொக்குவிலில் இருந்து:
சரி, என்னோடு மூவர் ‘கதிர்வேளை’ பக்கம். அட்டவணையில் வேளை 1 முதல் வேளை 31 வரை கட்டம் போட்டிருக்கிறேன், பிள்ளையே தன் கையால் சரி அடையாளம் போடலாம்.

திருநெல்வேலியில் இருந்து:
அச்சுக்குக் கொடுங்கள், மறிக்கவில்லை. ஆனால் வேளை பொழுதைச் சொல்கிறது, அளவைச் சொல்லவில்லை. அடுத்த பதிப்பில் மாத்திரையை மறுபடி கேட்பேன்.