777 கொடுத்தும் டாம்கேட் ஃபைல் எழுத மாட்டேங்குது (உபுண்டு 22.04)

நூல்கண்டு:

வணக்கம். திருப்பூர்ல ஒரு பின்னலாடைக் கம்பெனிக்கு பில், டெலிவரி சலான் எல்லாம் ஸ்கேன் பண்ணி ஏத்துற ஆப் ஒண்ணு என் பொறுப்புல இருக்கு. ஜாவா, ஒரே வார் ஃபைல் (ஆப் மொத்தமும் அடங்கின பொதி), முன்னாடி என்ஜின்எக்ஸ் வெப் சர்வர். இதுவரைக்கும் உபுண்டு 18.04, டாம்கேட் 8-ல (ஜாவா ஆப்பை ஓட்டுற சர்வர்) ஓடிச்சு. 18.04-க்கு 2023 மே மாசத்தோட வழக்கமான ஆதரவு முடிஞ்சதுன்னு ஆடிட்டர் குறிப்பு எழுதிட்டார். அதனால இப்ப 22.04, டாம்கேட் 9. ரெண்டு சர்வர்லயும் ஏபிடி மூலமாத்தான் நிறுவினது.

லாகின் ஓடுது, ரிப்போர்ட் ஓடுது, பழைய பிடிஎஃப் எல்லாம் திறக்குது. புதுசா ஒண்ணு ஏத்தினா மட்டும் 500 பிழை. கேட்டலினா லாக்ல வர்றது இது (ஃபோன்ல தமிழ் கீபோர்டு, அப்படியே உச்சரிப்புல அடிக்கிறேன்):

ஜாவா.ஐஓ.ஃபைல்நாட்ஃபவுண்ட்எக்செப்ஷன்: /எஸ்ஆர்வி/பில்ஸ்/டிசி-1187.பிடிஎஃப் (ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்)

/எஸ்ஆர்வி/பில்ஸ் முழுக்க டாம்கேட் யூசர் பேர்ல சிஎச்ஓன் பண்ணி (சொந்தக்காரரை மாத்தி) ஆச்சு. சிஎச்மோட் -ஆர் 777-ம் (எல்லாருக்கும் எல்லா அனுமதியும்) கொடுத்தாச்சு. சூடோ -யூ டாம்கேட் போட்டு அதே ஃபோல்டர்ல டச் பண்ணா ஃபைல் உருவாகுது! ஆப் எழுதினா மட்டும் முடியலைங்குது. டிஸ்க்ல இடம் தாராளமா இருக்கு. கூட வேலை பாக்குறவர் டாம்கேட்டையே ரூட்டா ஓட்டிடலாம்ங்கிறார். எனக்கு மனசு வரல. யாருக்காவது இது தெரியுமா?

வேகத்தடை:

ரீட்-ஒன்லின்னு வந்தா டிஸ்க்குல கோளாறு. ஈஎக்ஸ்டி4-ல பிழை வந்தா கர்னல் தானாவே ரீட்-ஒன்லியா மவுண்ட் பண்ணிடும். டிமெசேஜ் (கர்னல் லாக்) பாருங்க. முதல்ல பேக்கப் எடுங்க, அப்புறம் எஃப்எஸ்சிகே (ஃபைல் சிஸ்டத்தைச் சரிபாக்குற கமாண்டு).

கருந்திரை:

வேகத்தடை சொல்றது பொதுவா சரிதான், இங்க பொருந்தாது. டிஸ்க் ரீட்-ஒன்லி ஆயிருந்தா அவரோட டச் கமாண்டும் விழுந்திருக்கணும். விழலை. எஃப்எஸ்சிகே பக்கம் இப்போதைக்குப் போகாதீங்க, ஓடுற சர்வர் அது.

நூல்கண்டு, லாக் வரியோட கடைசியைத் திரும்பப் படிங்க. பெர்மிஷன் பிட் சரியில்லைன்னா கர்னல் தர்ற பிழை எண் 13, "பெர்மிஷன் டினைட்". உங்களுக்கு வந்திருக்கிறது எண் 30, "ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்". ஜாவா இந்த ரெண்டையுமே ஃபைல்நாட்ஃபவுண்ட்எக்செப்ஷன்ங்கிற ஒரே பேர்ல எறியும். ஃபைல் காணோம்னு நினைச்சு ஆளுங்க பாதையைத் தேடுவாங்க, இல்ல 777 போடுவாங்க. சங்கதி அடைப்புக்குறிக்குள்ள இருக்கு. எண் 30 வந்துட்டா 777 இல்ல, எந்த எண் கொடுத்தும் பலன் கிடையாது.

யாரு ரீட்-ஒன்லி ஆக்கினது? சர்வீஸ்களைக் கிளப்பி நடத்துற சிஸ்டம்டி. டெபியனும் உபுண்டுவும் தர்ற டாம்கேட் 9 பேக்கேஜோட சர்வீஸ் ஃபைல்லயே பூட்டு இருக்கு. பாருங்க:

சிஸ்டம்சிடிஎல் கேட் டாம்கேட்9

அதுல "ப்ரொடெக்ட்சிஸ்டம்=ஸ்ட்ரிக்ட்"னு ஒரு வரி. அந்த சர்வீஸோட கண்ணுக்கு மட்டும் மொத்த ஃபைல் சிஸ்டமும் ரீட்-ஒன்லியாத் தெரியும், /டெவ், /ப்ராக், /சிஸ் இது மூணைத் தவிர. கீழேயே "ரீட்ரைட்பாத்ஸ்"னு சில வரிகள். /எட்சி/டாம்கேட்9/கேட்டலினா, /வார்/லிப்/டாம்கேட்9/வெப்ஆப்ஸ், /வார்/லாக்/டாம்கேட்9. எழுதுறதுக்கு இங்கெல்லாம் அனுமதி உண்டு, உங்க /எஸ்ஆர்வி அந்தப் பட்டியல்ல இல்லை. 18.04-ல இருந்த டாம்கேட் 8 பழைய இனிட் ஸ்கிரிப்ட்டுல ஓடினது. இந்தப் பூட்டெல்லாம் அதுக்குக் கிடையாது, அதனாலதான் அங்க சத்தமில்லாம ஓடிச்சு.

உங்க டச் ஏன் ஜெயிச்சதுன்னு இப்பப் புரியும். சூடோவுல நீங்க டாம்கேட் யூசரா மாறுறீங்க, ஆனா டாம்கேட் சர்வீஸோட மவுண்ட் நேம்ஸ்பேஸுக்குள்ள (அதுக்குன்னு தனியாக் காட்டுற ஃபைல் சிஸ்டம்) போகல. யூசர் ஒண்ணு, பாக்குற ஃபைல் சிஸ்டம் வேற. நம்பிக்கை இல்லைன்னா டாம்கேட்டோட ப்ராசஸ் எண்ணை எடுத்துக்கிட்டு /ப்ராக்/அந்த-எண்/மவுண்ட்ஸ் திறந்து பாருங்க. ரூட் பார்ட்டிஷனுக்கு எதிரே "ஆர்ஓ"னு இருக்கும். உங்க ஷெல்லுல மவுண்ட் அடிச்சா அதே பார்ட்டிஷன் "ஆர்டபிள்யூ".

தீர்வு சின்னது:

சூடோ சிஸ்டம்சிடிஎல் எடிட் டாம்கேட்9

திறக்கிற ஃபைல்ல ரெண்டு வரி:

[சர்வீஸ்]
ரீட்ரைட்பாத்ஸ்=/எஸ்ஆர்வி/பில்ஸ்

சேமிச்சுட்டு டாம்கேட்டை ரீஸ்டார்ட் பண்ணுங்க. /லிப்/சிஸ்டம்டி-க்குள்ள இருக்கிற மூல ஃபைலைக் கையால திருத்தாதீங்க, அடுத்த ஏபிடி அப்கிரேடுல அழிஞ்சுடும். மேலே சொன்ன கமாண்டு /எட்சி/சிஸ்டம்டி/சிஸ்டம் கீழே தனி ஓவர்ரைடு ஃபைல் போடும், அதை அப்கிரேடு தொடாது. இன்னொண்ணு, அந்த ஃபோல்டர் இல்லாத நேரத்துல சர்வீஸ் கிளம்பினா டாம்கேட் எழவே எழாது, ஸ்டேட்டஸ்ல 226/நேம்ஸ்பேஸ்னு நிக்கும். பில்ஸ் ஃபோல்டர் என்எஃப்எஸ்ல (நெட்வொர்க் வழியா வர்ற டிஸ்க்) இருந்தா அது மவுண்ட் ஆன பிறகே சர்வீஸ் கிளம்ப, [யூனிட்] பகுதியில "ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்" வரியும் சேர்த்துடுங்க.

ரூட்டா ஓட்டுற யோசனை பத்தி. முதல்ல அது வேலைக்கே ஆகாது. ரீட்-ஒன்லி மவுண்ட் ரூட்டுக்கும் ரீட்-ஒன்லிதான். ரெண்டாவது, அப்லோட் வாங்குற ஆப்பை ரூட்டா ஓட்டுறது எவனாவது ஒரு ஜேஎஸ்பி ஃபைலை ஏத்திட்டா சர்வரையே அவன் கையில கொடுக்கிற வேலை. உங்களுக்கு மனசு வராதது நல்லதுக்குத்தான்.

அடுத்து யாராவது வந்து "வெப்ஆப்ஸ் உள்ளேயே அப்லோட் ஃபோல்டர் வெச்சுக்கோ, அங்க எழுத அனுமதி இருக்கே"ம்பாங்க. வேண்டாம். புது வார் போடும்போது டாம்கேட் பழைய விரிச்ச ஃபோல்டரை மொத்தமா அழிச்சுட்டுத்தான் விரிக்கும், பில் எல்லாம் போச்சு. அங்கிருந்து /எஸ்ஆர்வி-க்கு சிம்லிங்க் போட்டாலும் ஆகாது, லிங்க் கடைசியில போய் நிக்கிற இடம் ரீட்-ஒன்லிதானே.

777-ஐயும் எடுக்கணும். முதல்ல எழுதுதான்னு பாத்துட்டு வாங்க, அதை அப்புறம் பேசலாம்.

செந்தொப்பி:

ஆல்மாலினக்ஸ், ராக்கிலினக்ஸ் ஆளுங்க இதைப் படிச்சா அவங்களுக்காக ஒண்ணு: நம்ம பக்கம் 777 கொடுத்தும் நடக்கலைன்னா முதல் சந்தேகம் எஸ்இலினக்ஸ் மேல (லேபிள் வெச்சு அனுமதி பாக்குற தனிப் பாதுகாப்பு அடுக்கு). எல்எஸ் -இசட் போட்டு லேபிள் பாருங்க. வீட்டு ஃபோல்டர்ல வெச்சிருந்ததை எம்வி பண்ணி /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ-க்குக் கொண்டுவந்தா வீட்டு லேபிளும் கூடவே வந்துடும், வெப் சர்வரால படிக்க முடியாது. சிபி பண்ணா புது இடத்து லேபிள் விழும். ஏற்கெனவே எம்வி பண்ணியாச்சுன்னா ரீஸ்டோர்கான் -ஆர் போதும். அதுல வர்ற பிழை எண் 13-தான், அதனால அடைப்புக்குறியைப் படிக்கிறது மட்டும் அங்க உதவாது, ஆடிட் லாக்கையும் பாக்கணும். எஸ்இலினக்ஸை நிரந்தரமா அணைக்கச் சொல்ற பதிவுகளை நம்பாதீங்க.

நூல்கண்டு:

கருந்திரை அண்ணே, எழுதுது! 1187 ஏறிடுச்சு. ரொம்ப நன்றி.

ஆனா இப்ப வேற ஒண்ணு. ஏத்தின ஃபைலைத் திறந்தா என்ஜின்எக்ஸ் 403 (அனுமதி இல்லை) தருது. பழைய ஃபைல்கள் திறக்குது, இன்னைக்கு ஏத்தினது மட்டும் இல்லை. என்ஜின்எக்ஸ் லாக்ல (13: பெர்மிஷன் டினைட்). நாங்க ஃபைலை டாம்கேட் வழியாக் கொடுக்கிறதில்ல. ஆப் லாகினைச் சரிபார்த்து எக்ஸ்-ஆக்ஸல்-ரீடைரக்ட் ஹெட்டர் அனுப்பும், என்ஜின்எக்ஸ் நேரா /எஸ்ஆர்வி/பில்ஸ்ல இருந்து எடுத்துக் கொடுக்கும். எல்எஸ் -எல் போட்டா பழையதெல்லாம் 777, புதுசு 640, சொந்தக்காரர் டாம்கேட், குழுவும் டாம்கேட்.

கருந்திரை:

இந்தத் தடவை எண் 13. இப்ப நிஜமாவே பெர்மிஷன் பிட்தான்.

டாம்கேட்டோட கேட்டலினா.எஸ்எச் ஸ்கிரிப்ட், யாரும் சொல்லலைன்னா யூமாஸ்க்கை (புது ஃபைல்ல எந்த அனுமதியை எடுத்துடணும்னு சொல்ற எண்) 0027-ன்னு வெச்சுக்கும். அதனால புது ஃபைல் 640, புது ஃபோல்டர் 750. என்ஜின்எக்ஸ் ஓடுறது டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா யூசர்ல. அவர் சொந்தக்காரரும் இல்ல, டாம்கேட் குழுவுலயும் இல்ல, "மற்றவர்" கணக்குல விழுறார், மற்றவருக்கு பூஜ்யம். பழைய ஃபைல் திறக்கிறதுக்கு உங்க 777 மட்டும்தான் காரணம்.

இணையத்துல தேடினா ரெண்டு வைத்தியம் கிடைக்கும், எனக்கு ரெண்டுமே பிடிக்காது. ஒண்ணு, யூமாஸ்க்கை 0022 ஆக்குறது. அப்ப அந்த மெஷின்ல லாகின் இருக்கிற எல்லாரும் கம்பெனி பில்லைப் படிக்கலாம். இன்னொண்ணு, டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவை டாம்கேட் குழுவுல சேர்க்கிறது. வேலை செய்யும், ஆனா /எட்சி/டாம்கேட்9 உள்ள இருக்கிற டாம்கேட்-யூசர்ஸ்.எக்ஸ்எம்எல் ரூட்:டாம்கேட் 640. கான்டெக்ஸ்ட் ஃபைல்ல டேட்டாபேஸ் பாஸ்வேர்டு எழுதியிருந்தா அதுவும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். வெளி உலகத்தைப் பாத்து நிக்கிற என்ஜின்எக்ஸுக்கு அதைப் படிக்கிற உரிமை எதுக்கு?

ஃபோல்டரோட குழுவை மட்டும் மாத்தி செட்ஜிஐடி பிட் போடுங்க. அந்த ஃபோல்டருக்குள்ள பிறக்கிற ஃபைலெல்லாம் ஃபோல்டரோட குழுவையே எடுத்துக்கும், உள்ளே உருவாகுற துணை ஃபோல்டருக்கும் அந்த பிட் தானா இறங்கும். 777-ஐ எடுக்கிறதும் இதோட முடியும்:

சூடோ சிஎச்ஓன் -ஆர் டாம்கேட்:டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா /எஸ்ஆர்வி/பில்ஸ்
சூடோ ஃபைண்ட் /எஸ்ஆர்வி/பில்ஸ் -டைப் டி -எக்ஸெக் சிஎச்மோட் 2750 {} +
சூடோ ஃபைண்ட் /எஸ்ஆர்வி/பில்ஸ் -டைப் எஃப் -எக்ஸெக் சிஎச்மோட் 640 {} +

ஃபோல்டரையும் ஃபைலையும் தனித்தனியாப் பிரிச்சதுக்குக் காரணம் இருக்கு. சிஎச்மோட் -ஆர் 640-ன்னு ஒரே வீச்சுல அடிச்சா ஃபோல்டர்லயும் எக்ஸ் பிட் போயிடும். ஃபோல்டருக்கு எக்ஸ்னா அதுக்குள்ள நுழையுற உரிமை, அது இல்லாம உள்ளே இருக்கிற எதையும் தொட முடியாது. விவரமானவங்க பெரிய எக்ஸ் போட்டு "ஃபோல்டருக்கு மட்டும் எக்ஸ்"ம்பாங்க. உங்க விஷயத்துல அதுவும் ஏமாத்தும். ஃபைல்ல ஏற்கெனவே எக்ஸ் இருந்தா பெரிய எக்ஸ் அதை விட்டுவைக்கும், 777 வாங்கின ஃபைல் எல்லாத்துலயும் எக்ஸ் இருக்கே.

முடிச்சதும் பாதை முழுக்கச் சரியான்னு இதைப் போட்டுப் பாருங்க:

நேம்ஐ -எல் /எஸ்ஆர்வி/பில்ஸ்/டிசி-1187.பிடிஎஃப்

ஸ்லாஷ்ல ஆரம்பிச்சு ஃபைல் வரைக்கும் ஒவ்வொரு படிக்கும் பெர்மிஷன், சொந்தக்காரர், குழு எல்லாம் வரிசையா வரும். நடுவுல ஒரே ஒரு படியில எக்ஸ் இல்லைன்னாலும் 403-தான். உபுண்டு 21.04-ல இருந்து புதுசா உருவாக்குற வீட்டு ஃபோல்டர் 755 இல்ல, 750. ஜாங்கோ ஆளுங்க ப்ராஜெக்ட்டை வீட்டு ஃபோல்டர்ல வெச்சுட்டு சிஎஸ்எஸ் வரலைன்னு தவிக்கிறதுல பாதி அதனாலதான். நேம்ஐ போட்டா ஒரு நொடியில தெரிஞ்சுடும், ஆனா இந்தக் கமாண்டு இருக்கிறதே பலருக்குத் தெரியாது.

நூல்கண்டு:

பிடிஎஃப் எல்லாம் திறக்குது அண்ணே. முதல் பக்கத்தைச் சின்னப் படமா மாத்திக் காட்டுவோம், அது மட்டும் இன்னும் 403. எல்எஸ்ல பாத்தா அந்த ஜேபிஜி எல்லாம் 600, குழு டாம்கேட்டாவே இருக்கு. செட்ஜிஐடி அதுக்கு ஏன் வேலை செய்யல?

கருந்திரை:

கோடுல ஃபைல்ஸ்.கிரியேட்டெம்ப்ஃபைல் இருக்கா பாருங்க, இருக்கும். அது பாதுகாப்புக்காக 600-ல ஃபைல் உருவாக்கும், யூமாஸ்க்கால அதைத் தளர்த்த முடியாது. உருவாகுறது /டெம்ப்ல, அங்க உங்க செட்ஜிஐடி கிடையாது. அப்புறம் ஃபைல்ஸ்.மூவ் பண்ணும்போது மோடும் குழுவும் பழசே கூட வரும், ஏன்னா அது புது ஃபைலாப் பிறக்கல, இடம் மாறி வந்திருக்கு.

டெம்ப் ஃபைலை /எஸ்ஆர்வி/பில்ஸ் உள்ளேயே உருவாக்கச் சொல்லுங்க, கிரியேட்டெம்ப்ஃபைலோட முதல் அளவுருவா அந்தப் பாதையைக் கொடுத்தாப் போதும், குழு சரியாயிடும். எழுதி முடிச்சதும் செட்போசிக்ஸ்ஃபைல்பெர்மிஷன்ஸ் போட்டு 640 ஆக்கிட்டு, கடைசியாப் பேர் மாத்துங்க. அந்த வரிசையில செஞ்சா பாதி எழுதின படம் யார் கண்ணுலயும் படாது. ஏற்கெனவே இருக்கிற ஜேபிஜிகளுக்கு மேலே கொடுத்த சிஎச்ஓன் வரியையும் கடைசி ஃபைண்ட் வரியையும் இன்னொரு தடவை ஓட்டுங்க.